கோட்டு போட்ட ஏழு நிமிடம்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பிரசங்கம் செய்திருக்கிறேன். ஏழு நிமிடம். எட்டாவது நிமிடம் மேடைக்கு அடியில் இருந்தேன்.

சபையில் இதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள், அதுதான் தப்பு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளில் எங்கள் சபை கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடை. கட்டடமும் அவருடையதுதான். செத்தவர்களுக்காக எரிக்கிற காகிதச் சாமான் விற்பார். காகித வீடு, காகிதக் கார், காகித நோட்டு. (காகித ஏர்கோன்கூட உண்டு. அங்கேயும் புழுக்கம் போல.)

மாடியில் நாங்கள். ஞானஸ்நானத் தொட்டி மேடைக்குள் இருந்தது. அதன் மேல் பலகை. பலகை மேல் பிரசங்க பீடம். பிரசங்கம் முடிந்ததும் பீடத்தை நகர்த்தி, பலகையை எடுத்து, ஞானஸ்நானம் கொடுப்பார்கள்.

நான் பைப் வேலை செய்கிறவன். கேரி தீவு எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். தொட்டி என் பொறுப்பு. ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை ரப்பர் வாசர் மாற்றி, ஜாயின்டை முறுக்கி, தண்ணீர் நிரப்புவேன். நான் வருவதற்கு முன்னால் இரண்டு தடவை ஒழுகிவிட்டதாம். தவுக்கே பாஸ்டரிடம் சொல்லி வைத்திருந்தார். "மூணாவது தடவ சொட்டினா கெலுவார். நீங்களும் கெலுவார், உங்க சாமியும் கெலுவார்." (கெலுவார் என்றால் வெளியே போ. அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். அந்த ஒரு வார்த்தைக்குத் தமிழ் போட்டால் சூடு ஆறிவிடும்.)

அந்த வருடம் இந்தியாவிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். மூன்று நாள் கூட்டம். தலைப்பு, உன்னைக் குறித்த தேவ திட்டம். கடைசி நாள் என் தலையில் கை வைத்தார்.

"பிரதர் என்ன வேலை செய்யறீங்க?"

"பைப்புங்க."

"தேவன் உங்கள பைப்புக்காகவா படைச்சார்? இல்ல! இந்தப் பீடத்துல உங்கள நான் பாக்கறேன்!"

சபை அல்லேலூயா என்றது. நான் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற ஆள். எனக்கும் அது உண்மை போலத்தான் தெரிந்தது. பைப் வேலை செய்கிறவனுக்கு யாரும் அல்லேலூயா சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். அதுவரை பிரசங்கியாரும் தங்கினார். ஒன்பது பேர். பிரசங்கம் தாஸ் செய்யட்டும் என்று பாஸ்டர் ஜெயராஜ் என்னைக் காட்டிச் சொல்லிவிட்டார்.

நான் கோட்டு தைக்கக் கொடுத்தேன்.

என் மனைவி ரூபி முதலில் கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "வாசர் மாத்திட்டீங்களா?" என்றாள். "இனிமே அதெல்லாம் வேற யாராச்சும் பாப்பாங்க" என்றேன். (அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம். தையல்காரர் பக்கத்தில்தான் இருந்தார்.) சனிக்கிழமை முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டிப் பழகினேன். தொட்டியில் வாலிபர்கள் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டார்கள். வாசரை யாரும் பார்க்கவில்லை.

ஞாயிறு. ஜலப்பிரளயத்தில் மிதந்த பேழையைப் பற்றிப் பேசினேன். அதற்கு உள்ளும் புறமும் தார் மாதிரிக் கீல் பூசுகிற இடம். வேதத்தில் நீர்க்கசிவைப் பற்றி விவரமாக இருக்கிற இடம் அது ஒன்றுதான். எனக்குத் தெரிந்த விஷயம்.

ஐந்தாவது நிமிடம் காலுக்கடியில் ஒரு சத்தம்.

டொக்.

வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. ஜாயின்ட் அழுகிற சத்தம் எனக்குத் தெரியும். இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. முன்வரிசையில் பிரசங்கியார் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். கோட்டு வேறு. நான் குரலை உயர்த்தினேன். "தண்ணீர் பெருகிற்று!" என்றேன்.

"ஆமென்!" என்றது சபை.

டொக் டொக் டொக்.

"இன்னும் பெருகிற்று!"

"ஆமென்!"

ஏழாவது நிமிடம் பின்கதவு திறந்தது. தவுக்கே நின்றார். கையில் ஒரு காகிதக் கார். நனைந்து, கூரை உட்கார்ந்து, ஒரு சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. சீனர்கள் செத்தவர்களுக்குப் படைக்கிற பேய் மாசத்துக்காக மொத்தக் கடையும் சரக்கு அடுக்கியிருந்த நேரம் அது.

"பாஸ்டர்! கெலுவார்!"

பாஸ்டர் முகம் வெளுத்தது. அந்த வாடகைக்குக் கிள்ளானில் வேறு இடம் கிடையாது. வெள்ளை உடுப்பில் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள்.

நான் பேழையை அங்கேயே விட்டேன். மேடையின் பக்கக்கதவு வழியாக உள்ளே தவழ்ந்தேன். ஜாயின்ட் தெரிந்தது. அவசரத்தில் வெறுங்கையால் முறுக்கினேன். புது ஆள்கூடச் செய்ய மாட்டான். ஜாயின்ட் கழன்று கையோடு வந்தது.

தண்ணீர் என் முகத்தில் அடித்தது. மிச்சம் தரை ஓட்டை வழியாகக் கீழே போனது. தவுக்கே கத்திக்கொண்டே படியிறங்குகிற சத்தம். கோட்டைக் கழற்றி ஓட்டையில் திணித்து, இன்னொரு கையால் ஜாயின்டைப் பொருத்திப் பிடித்தேன். நல்ல துணி. தண்ணீர் நின்றது. அந்தக் கோட்டு உருப்படியாக ஒரு வேலை செய்தது அப்போதுதான்.

ஸ்பேனர் இல்லாமல் முறுக்க முடியாது. கையை எடுக்கவும் முடியாது.

"ரூபி! ஸ்பேனர்!"

மைக் என் தலைக்கு நேர்மேலே, பலகை மேல். யாரும் அணைக்கவில்லை. நான் கத்தியது நான்கு ஸ்பீக்கரிலும் முழங்கியது. பழக்கதோஷத்தில் பின்வரிசை "ஆமென்!" என்றது.

ஸ்பேனர் மோட்டார்சைக்கிள் பெட்டியில் இருந்தது. மோட்டார்சைக்கிள் ரோட்டில். வர நேரமாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அரை நிமிடத்தில் கதவு வழியாக ஒரு கை நீண்டது. ரூபியின் கை. ஸ்பேனர்.

"எங்க இருந்துச்சு?"

"பைபிள் பைக்குள்ள."

"ஏன்?"

"கோட்டு போட்ட ஆள நம்பி எப்படி வர்றது?"

முறுக்கினேன். நின்றது.

வெளியே வந்தபோது சொட்டச் சொட்ட நனைந்திருந்தேன். பிரசங்கியார் எழுந்து வந்தார்.

"பிரதர், மேல ஏறுங்க. பிரசங்கத்த முடிங்க. இது சாத்தானோட தடை!"

"சாத்தான் இல்லீங்க. வாசர்."

"உங்க அழைப்ப விட்டு ஓடாதீங்க பிரதர்!"

"ஓடினது நேத்துங்க. இப்பதான் திரும்பி வந்திருக்கேன்."

அன்றைய என் பத்து வார்த்தையும் அதோடு தீர்ந்தது. நான் ஏறவில்லை. ஸ்பேனரோடு கீழே போனேன்.

தொட்டியில் மிச்சம் முழங்கால் தண்ணீர். ஒன்பது பேரையும் உட்காரவைத்து முழுக்கினார்கள்.

தவுக்கே கடை நடுவில் நின்றார். சுற்றிலும் காகித வீடுகள் படுத்துக் கிடந்தன. நான் ஏணி கேட்டேன். நனைந்த சீலிங்கைப் பிரித்தேன். பழைய பைப்பை வெட்டிப் புதிது போட்டேன். நனையாத சாமானை மேல்தட்டுக்கு ஏற்றினேன். சாயங்காலம் தவுக்கே ஒரு கோப்பை தேநீர் வைத்தார்.

"மேல கத்தினது நீயா?"

"ஆமா."

"இனிமே கத்தாத லா. உனக்கு வராது."

"சரி."

"உங்க ஆளுங்க இருக்கலாம். ஆனா தொட்டியில தண்ணி இருக்கிற நேரம் நீ இங்க நிக்கணும். என் கடையில. சீலிங்கப் பாத்துக்கிட்டு."

அதுதான் நிபந்தனை. பாஸ்டர் தலையாட்டினார். அந்த மாடியை விட்டு நாங்கள் போகும் வரை, ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் சபை மேலே பாடும். நான் கீழே, காகித மாளிகைகளுக்கு நடுவில் முக்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தவுக்கே பக்கத்தில் நிலக்கடலை உரிப்பார். பிரசங்கியார் என்னைப் பார்த்த இடம் பீடம். கர்த்தர் என்னை வைத்த இடம் முக்காலி. இடம் விஷயத்தில் நான் பிரசங்கியாரை நம்புவதாக இல்லை.

இப்போதும் சபையில் வருடத்துக்கு ஒரு ஃபாரம் தருகிறார்கள். உங்கள் வரம் எது, டிக் செய்யவும். பிரசங்கம், பாட்டு, ஜெபம், போதகம். நான் ஒன்றிலும் டிக் போடுவதில்லை. அடியில் நானே ஒரு கட்டம் வரைந்து, பைப் என்று எழுதி, அதில் போடுகிறேன். வாலிபர்கள் சிரிக்கிறார்கள். அடுத்த வருடமும் வரைவேன்.

வீட்டில் யாராவது பெரிய பேச்சு பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் ஒன்றாகக் கத்துவார்கள். "ரூபி! ஸ்பேனர்!" பேரப்பிள்ளைகளும் கத்துகிறார்கள். பேசுகிறவன் நிறுத்தியாக வேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம்.

என் மகள் கிரேஸ் ஞானஸ்நானம் எடுத்ததும் அந்த மாடியில்தான். நான் கீழே இருந்தேன். மேலே தண்ணீர் புரளும் சத்தம் கேட்டது. அவள்தான் என்று தெரிந்தது. தவுக்கே கடலையை வைத்துவிட்டு அவரும் அண்ணாந்தார்.

ஈர முடியோடு கிரேஸ் படியில் ஓடிவந்தாள்.

"அப்பா, பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்மா. ஒரு சொட்டு விழல."