மௌனத்துக்குக் காவல் நின்ற மலக்கி

சத்தம் போடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். சத்தம் போடாதே என்று சத்தம் போடுகிறவர்களையும் தெரிந்திருக்கும். கூட்டத்துக்கு ஒருவர் தவறாமல் வந்துவிடுவார். அந்த இனத்தின் பழுதில்லாத மாதிரி ஒன்றைப் பார்க்க ஆசையா? அயர்லாந்தின் லிமெரிக் ரக்பி மைதானத்தின் கிழக்குப் படிகளில், சிவப்புக் கம்பளித் தொப்பியோடு, உதட்டில் விரல் வைத்தபடி நிற்கிறாரே, அவர்தான். பெயர் மலக்கி ஹார்ட்டிகன்.

ஒருவர் பெனால்டி உதைக்கப் பந்தை நிறுத்தினால், அவர் நம்மவரானாலும் எதிரியானாலும் எங்கள் மைதானம் வாயை மூடிக்கொள்ளும். அது ஊர் மரியாதை. யாரும் சொல்லாமலே நடக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள்.

"யாரும் சொல்லாமலா?" என்பார் மலக்கி, நெஞ்சைத் தொட்டுக்கொண்டு.

ஐரோப்பியக் கோப்பைப் பருவம் தொடங்கிவிட்டால் அவருக்கு ஓய்வு ஏது? டிசம்பர் மழையில் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்த பாதிரியாரை அடக்கினார், இருமலோடு வந்த வேல்ஸ்காரரை அடக்கினார், பல் முளைக்கிற கைக்குழந்தையை அடக்கினார், ஜனவரியில் கூரைமேல் கத்திய கடற்காகத்தையும் அடக்கப்போனார். காகம் அவர் தொப்பியில் பதில் சொல்லிவிட்டுப் பறந்தது. அணி வெளிநாட்டில் ஆடிய நாட்களில் மதுக்கடைத் தொலைக்காட்சியின் முன் நின்று, கடல் தாண்டி எங்கோ உதைக்கப்போகும் பையனுக்காக, இங்கே பீர் ஊற்றும் கையை நிறுத்தச் சொன்னார். வீட்டில் பார்த்தால் ஃபிரிட்ஜ் முனகுகிறது என்று அதையும் அணைத்துவிடுவார்.

"பால் திரிஞ்சு போச்சுங்க," என்பாள் மனைவி ப்ரீடா.

"பந்து உள்ள போச்சா இல்லையா?"

ஏப்ரலில் காலிறுதி, சொந்த மைதானத்தில். எதிரே பிரெஞ்சு அணி. ஆட்ட நேரம் முடிந்துவிட்டது. நம்மவர்கள் ஒரே ஒரு புள்ளி முன்னே. அவர்களுக்குக் கடைசியாக, மூன்று புள்ளி தரும் ஒரு பெனால்டி. உள்ளே போனால் அவர்கள் அரையிறுதிக்கு, நம்மவர்கள் வீட்டுக்கு. மைதானம் அடங்கியது. கொடிகூட அசைய யோசித்தது. மலக்கிக்கு அது போதவில்லை. பக்கத்தில் நின்ற பழைய சிநேகிதர் மாஸி, கொட்டாவிக்கோ பிரார்த்தனைக்கோ, வாயைத் திறந்தார்.

"உஷ்ஷ்ஷ்ஷ்!"

மைதானத்தில் எழுந்த ஒரே சத்தம் அதுதான். பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது.

முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிக்கொண்டார்கள். "யோவ் மலக்கி, உன் உஷ்ஷுதான்யா ஜெயிக்க வச்சுது," என்று மாஸி அவரைத் தூக்கப் பார்த்தார். மலக்கியின் முகத்தில் ரத்தமில்லை. இத்தனை வருடம் கட்டிக் காத்த ஊர் மரியாதையைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டாரே! அந்தப் பையனை மறுபடி உதைக்கவிட வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் மன்றாடிப் பார்த்தார். எல்லாரும் பாடிக்கொண்டிருந்ததால் எவர் காதிலும் விழவில்லை. கடைசியில் பிரெஞ்சு அணியின் பஸ் நின்ற இடத்துக்குப் போய் மழையில் காத்திருந்தார்.

பந்தை உதைத்தவன் ஈரத்தலையோடு வந்தான்.

"தம்பி, மன்னிச்சிடுப்பா. அந்தச் சத்தம் போட்டது நான்தான்."

"எந்தச் சத்தம்?"

"உஷ்னு ஒண்ணு."

"ஒண்ணும் கேக்கலையே ஐயா. கேக்காததாலதான் குறி தப்பிப்போச்சு. எங்க ஊர்ல விசில் அடிப்பாங்க, எங்கம்மாவைத் திட்டுவாங்க, நானும் நிம்மதியா உதைப்பேன். நீங்க எல்லாரும் எழவு வீட்டுல நிக்கற மாதிரி நின்னீங்க. கால் நடுங்கிப்போச்சு."

பஸ் போய்விட்டது. மலக்கிமேல் பாவமில்லை, பழியில்லை. நியாயமாக அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் மெதுவாகத்தான் நடந்தார். கேட்கவில்லையாம்! அத்தனை அமைதியில், அத்தனை பெரிய உஷ், கேட்கவில்லையாம்!

அவர் நுழைந்ததும் மதுக்கடை தானாகவே அடங்கியது.

"என்னய்யா சொன்னான்?" என்றார் மாஸி.

மலக்கி தொப்பியைக் கழற்றினார்.

"தெளிவாக் கேட்டுச்சாம். மனசே ஒடைஞ்சு போயிட்டான், பாவம்."

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்கள். இருக்கட்டும். இரண்டு பத்திக்கு முன்னால் அடுத்த அறையில் யாரோ ஸ்பூனைக் கீழே போட்டார்களே, அப்போது நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தீர்களே, அது யாருடைய பார்வை?