ரிஜெக்ட் அண்ணனின் பூட்டிய ஃபோல்டர்

உலகத்திலேயே பெரிய இன்டர்நெட் கம்பெனியோடு தனியாளாகச் சண்டை போட்டு, அந்தக் கம்பெனிக்கே தெரியாமல் அதை ஜெயித்த ஒரே மனிதர் திண்டிவனத்தில் இருக்கிறார்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஊருக்கு அவர் 'ரிஜெக்ட்'. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டீக்கடையை ஒட்டினாற்போல நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டரோடு கடை வைத்திருக்கிறார். எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'உங்கள் விவரங்களைச் சேகரிக்கலாமா' என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்குமே, நாமெல்லாம் கொசு அடிக்கிற வேகத்தில் 'சரி' என்று தட்டிவிட்டுப் போவோம். அவர் தட்டமாட்டார். உள்ளே போய், விவரம் வாங்கிக்கொள்ளும் கூட்டாளிக் கம்பெனிகளின் பட்டியலை, கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர் பெயர் படிப்பதுபோல் சத்தமாகப் படித்து ஒவ்வொன்றாக அணைப்பார். எல்லாம் முடிந்ததும் "ரிஜெக்ட்!" என்று ஒரு குரல். டீக்கடையில் டம்ளர் அதிரும். அதற்குள் சாதிச் சான்றிதழுக்கு வந்தவர் மயிலம் பஸ்ஸை விட்டிருப்பார்.

ஊரெல்லாம் பயன்படுத்தும் அந்தப் பெரிய கம்பெனியின் பிரவுசர் அவர் கடைக்குள் நுழையக் கூடாது. யாரோ சில பேர் சேர்ந்து இலவசமாகச் செய்து கொடுக்கும் வேறொரு பிரவுசர்தான் நாலு கம்ப்யூட்டரிலும். ஏன் என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

"நீ செருப்பு தேடுன்னு வெச்சிக்க. ஒருவாட்டிதான் தேடுவ. அப்பறம் செருப்பு உன்னத் தேடிக்கினு வரும். பேப்பர் படிச்சா செருப்பு, சமையல் குறிப்பு பாத்தா செருப்பு. ரோடு அவன்து, வண்டி அவன்து, வழி கேட்டா சொல்றவனும் அவன். நாளைக்கி எந்தப் பக்கம் போணும்னும் அவனே சொல்லிடுவான். வாணாம்பா!"

"அண்ணே, நான் ஒரு ஜெராக்ஸ் எடுக்க வந்தேன்."

"எடுக்கலாம். மொதல்ல கேளு."

கேமராவே இல்லாத மானிட்டருக்கும் மேலே கறுப்பு டேப் ஒட்டியிருப்பார். கையில் பட்டன் போன். மேப் பார்க்கமாட்டார். ஒருமுறை திருவக்கரையில் சொந்தக்காரக் கல்யாணத்துக்கு வாய்வழியாக விசாரித்துக்கொண்டே போய், வேறு யாருடைய கல்யாணத்திலோ இலை போட்டுச் சாப்பிட்டு, பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

"நான் இன்னிக்கி எங்க சாப்ட்டேன்னு எந்தக் கம்பெனிக்கும் தெரியாது, தெரியுமா?" என்றார் வெற்றியோடு.

"உங்களுக்கே தெரியலியேண்ணே" என்றேன்.

நான் அப்போது திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வீடு விழுப்புரத்தில். தினமும் நாலு மணிக்கு டீ குடிக்க வருவேன். டம்ளரோடு அவர் கடை வாசலில் நின்று, "என்னண்ணே, இன்னிக்கு எந்தக் கம்பெனி கவுந்துச்சி?" என்று ஆரம்பிப்பேன். அவர் கோபத்தில் கத்துவார். ஆபீசில் தூங்கி வழிந்த எனக்கு டீயைவிட அதுதான் தெம்பு. அவருக்கு நான் பெரிய பேஜார் என்றே நினைத்திருந்தேன்.

அவருடைய உச்சகட்டக் கண்டுபிடிப்பு பாஸ்வேர்டு. பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர் எதையும் வைக்க விடமாட்டார். அதெல்லாம் கம்பெனிக்கு ஏற்கெனவே தெரியுமாம். "உன்னப் பத்தி எந்தக் கம்பெனிக்கும் தெரியாத ஒண்ணு சொல்லு" என்பார். அதுதான் பாஸ்வேர்டு. எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது.

ஐடியா பிரமாதம். கோளாறு என்னவென்றால், பிரிண்டர் சத்தத்துக்கு மேலே அதை அவர் உரக்கக் கேட்டு உறுதி செய்துகொள்வார். மீசை வைத்த ஜவுளிக்கடை முதலாளிக்குப் பல்லி என்றால் பயம் என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அக்கா வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டு வருகிற ஓர் அம்மாளின் குட்டும் உடைந்தது. என் முறை வந்தபோது மெதுவாகத்தான் சொன்னேன்.

"மச்சான் எடுத்த சட்ட புடிக்கல. இதானே சார்? கேப்பிட்டல் லெட்டர் போடட்டா?"

மச்சான் எனக்குப் பின்னால் ரேஷன் கார்டோடு நின்றுகொண்டிருந்தான். அந்தச் சட்டையைத்தான் நான் போட்டிருந்தேன்.

இப்படியே ஊரின் ரகசியமெல்லாம் அவருக்கு மனப்பாடம். கம்பெனிக்காரன் நம்மை வேவு பார்க்கிறான் என்று கத்துகிற மனிதர்தான் திண்டிவனத்திலேயே பெரிய ஒற்றர். இதைச் சொன்னபோது ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவரே "இன்னா சார், டீ ஆச்சா?" என்றார்.

எனக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள். வீட்டில் மனைவி ஒண்டியாள். நான் காலையில் பஸ் ஏறும்போதும் ராத்திரி இறங்கும்போதும் இரண்டும் தூங்கிக்கொண்டிருக்கும். "இதுங்க உங்களப் பாத்தா யாரோ விருந்தாளின்னு அழுவுதுங்க" என்றாள் மனைவி. சிரிக்க முடியவில்லை. விழுப்புரத்துக்கு மாறுதல் கேட்டு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. சான்றிதழ்களை எல்லாம் ரிஜெக்ட் கடையில் ஸ்கேன் செய்து வைத்தேன். மெயிலில் போட்டுக்கொள்கிறேன் என்றதற்கு, "அடுத்தவன் வூட்டு பீரோவுல உன் துணிய வெப்பியா?" என்று மறுத்துவிட்டார். எல்லாம் அவர் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. வழக்கம்போல் நான் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டேன். மாலை ஐந்து மணி கெடு. நாலு மணிக்குப் போனால் கடை பூட்டியிருக்கிறது.

"அண்ணன் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில கீறாரு. குடலிறக்கம், நேத்துதான் ஆபரேஷன் ஆச்சி. சாவி என்னாண்டதான் கீது. சார் வந்தா தொறந்து குடுன்னு சொல்லிட்டுப் போச்சி" என்றார் டீக்கடை அக்கா.

திறந்தேன். சான்றிதழ்கள் என் பெயர் போட்ட ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. விண்ணப்பத் தளத்தைத் திறந்தால், 'இந்த பிரவுசரில் இயங்காது' என்று ஒரே வரி. அந்தப் பெரிய கம்பெனியின் பிரவுசரில் வந்தால்தான் அரசாங்கம் என்னோடு பேசுமாம். புதிதாக எதையும் இறக்க முடியாதபடி எல்லாவற்றையும் மனிதர் பூட்டி வைத்திருந்தார். மல்லுக்கட்டியதில் அரை மணி நேரம் போய்விட்டது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, உங்க கொள்கையால என் குடும்பமே நடுத்தெருவுல நிக்குது!"



"கீழ மூலையில 'சனியன்'னு ஒரு ஃபோல்டர் கீதா பாரு."

இருந்தது.

"அதுக்குள்ள அது கீது."

"எது?"

"அதான் சார், அது!" குரல் தணிந்தது. "முதியோர் பென்ஷனுக்கு முகையூர்லேர்ந்து ஒரு ஆயா வர்து. அதுங்கிட்ட கொள்கை பேசிக்கினு இருக்க முடியுமா? யாரும் பாக்காதப்ப தொறப்பேன், வேலைய முடிச்சிட்டு மூடிடுவேன்."

எத்தனை வருஷம் என்னிடம் கத்தியிருக்கிறார்! வேறு நாளாயிருந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும்படி கொண்டாடியிருப்பேன். "பாஸ்வேர்டு கேக்குதுண்ணே" என்றேன்.

"மணி இன்னா?"

"நாலே முக்கால்."

"சிரிக்கக் கூடாது."

"சத்தியமா சிரிக்கல, சொல்லுங்க!"

ஒவ்வோர் இங்கிலீஷ் எழுத்தாகச் சொன்னார். எழுதக் கூடாது என்பது அவர் சட்டம். தப்பாகிவிடுமோ என்று நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டே போனேன். எழுதி முடித்துச் சேர்த்துப் படித்தேன்.

நாலுமணிக்குசார்வருவாரு.

எந்தக் கம்பெனிக்கும் தெரியாத ஒன்று. எனக்கும்தான் தெரியாது.

"அண்ணே..."

"ஜல்தி அடி சார், மூடிடப் போறான். விழுப்புரத்துக்குத்தான கேக்கற?"

"ஆமாண்ணே."

"நல்லது. புள்ளைங்களாண்ட இரு. முடிச்சிட்டு மறக்காம அந்தச் சனியன மூடிட்டுப் போ."

ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதமே உத்தரவு வந்தது. இப்போது விழுப்புரத்தில் இருக்கிறேன். பிள்ளைகள் என்னை வீட்டு ஆள் என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள். என் போனில் அவருடைய பிரவுசர்தான். பாதி வெப்சைட் முறைக்கிறது, முறைக்கட்டும். நாலு மணிக்குப் போன் போட்டு, "எந்தக் கம்பெனிண்ணே கவுந்துச்சி?" என்று கேட்கிறேன். அவர் கத்துகிறார்.

போன வாரம் புது ஆபீசில் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னார்கள். எந்தக் கம்பெனிக்கும் தெரியாத ஒன்று என்னவென்று ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே எழுதினால் மறுபடி மாற்ற வேண்டிவரும், பரவாயில்லை.

அண்ணன்இல்லாமடீஎறங்கல.