வயர் இல்லாத மவுஸ் குறித்து மச்சானுக்கு எழுதுவது

அனுமந்தன்பட்டி,
ஆடி மூன்றாம் சனிக்கு மறுநாள்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் தங்கப்பாண்டியன் அவர்களுக்கு, கர்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும், தங்கள் தங்கை முனீஸ்வரியும், மகள் சுபாஸ்ரீயும், இரண்டு மாடுகளும், ஒன்றரை ஏக்கர் திராட்சையும் சுகம். கோயம்புத்தூரில் தாங்களும் அக்காவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறோம். மேற்படி சுகத்தில் சேராதது, தாங்கள் பொங்கலுக்குக் கொண்டுவந்து கொடுத்த கம்ப்யூட்டரின் மவுஸ் ஒன்றுதான். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் கம்ப்யூட்டர் என்று ஆரம்பித்ததுமே தாங்கள் சிரிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள், விஷயம் முடிவுக்கு வருவதே இல்லை. ஆகவே கடிதமாக எழுதி, திராட்சைப் பெட்டியோடு லாரியில் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து கடைசிவரை படிக்கவும்.

தங்கள் மருமகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியது தாங்கள் அறிந்ததே. விவசாயப் படிப்புக்கான கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்று வரிசைப்படுத்தி, நேற்று சனிக்கிழமை சாயந்தரம் ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் பூட்டிவிட வேண்டும். அதற்குமேல் கடவுளே வந்தாலும் திறக்காதாம். அதே கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டர் சேர்ந்த பட்டம் ஒன்று கோயம்புத்தூரில் இருக்கிறது, அதை முதலில் போடு, மாமா வீட்டில் தங்கிப் படிக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை அவள் பாட்டுக்கு உட்கார்ந்து பதினான்கு வரிசை போட்டுவிட்டாள். காலையில் பார்த்தால் முதல் வரிசையில் பெரியகுளம், தோட்டக்கலை. கோயம்புத்தூர் ஆறாவதாகக் கிடக்கிறது. முப்பது வருஷமாக நான் கொடிக்கு மருந்தடித்து, என் கை மயில்துத்தம் பட்டுப் பட்டு எந்த நிறம் என்றே சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. நம்ம பிள்ளையும் இதையே படித்துவிட்டு இதே தோட்டத்துக்கு வரவா என்று கேட்டேன். அவள் சண்டை போடவில்லை. "மாத்தணும்னா நீங்களே மாத்துங்கப்பா. நான் போட்டது போட்டதுதான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

சரியென்று நான் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தேன். அப்போது மணி பத்து. திரையில் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நிற்கிறது. வலப்பக்கம் தள்ளினால் நகரவில்லை, இடப்பக்கம் இழுத்தால் நகரவில்லை. என் கையில்தான் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று முனீஸ்வரி சொன்னதால் சோப்புப் போட்டுக் கழுவிவந்து பிடித்தேன். கை சுத்தமானது, அம்புக்குறி அசையவில்லை. போனில் திறந்து பார்த்தோம். அதில் வரிசை மாற்றுகிற இடமே வரவில்லை. நம்ம ஊரில் இருந்த பிரவுசிங் சென்டர் இப்போது மோமோ கடை. உத்தமபாளையத்தில் வேறு இடம் இருக்கிறதுதான். ஆனால் மச்சான், அப்பனும் மகளும் எது முதல், எது ஆறாவது என்று முறைத்துக்கொண்டு நிற்பதை அங்கே வரிசையில் நிற்கிற பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வேண்டுமா? வீட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன்.

பக்கத்துத் தெரு ஜாய்ஸ் டீச்சரைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர். போன் போட்டால் அவுக கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தாக. பின்னால் மைக் செட் அலறுது. நான் விஷயத்தைச் சொன்னதுக்கு, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணே" என்று சொன்னாக. நான் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். தாங்கள் கொடுத்த கம்ப்யூட்டர் எழுந்திரிச்சு உட்கார இருபது நிமிஷம் எடுக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. எழுந்தது, அம்புக்குறி அங்கனயே நின்னது. மறுபடியும் டீச்சருக்குப் போன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டீகளா?" "பண்ணிட்டேன் டீச்சர்." "அப்ப பின்னாடி ஒரு குட்டி ஊக்கு மாதிரி செருகியிருக்கும், அதைப் பிடுங்கி வேற ஓட்டையில போடுங்க." மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பிடுங்கிப் போட்டேன். போட்டுவிட்டு எழுந்தால் தலை மேசையில் இடிச்சு, திரையே இருட்டாகிப்போச்சு. எதையோ கூடச் சேர்த்துப் பிடுங்கியிருக்கேன். அது திரையோட வயர் என்று கண்டுபிடிக்கிறதுக்குள்ள, இருக்கிற வயரையெல்லாம் ஒரு தடவை பிடுங்கி மாட்டியாச்சு. ஒரு வயர்கூட இல்லாத மவுஸ் என்று பெருமையாகக் கொண்டுவந்து வைத்தீர்களே மச்சான், அதுக்காக நேற்று நான் ஒன்பது வயரோடு மல்லுக்கட்டினேன்.

அப்புறம் முனீஸ்வரிதான், அதுக்குள்ள பேட்டரி போட்டிருக்குமே என்று கேட்டாள். மவுஸைக் குப்புறக் கவிழ்த்து, அங்கன இங்கன நோண்டி, நகத்தால் நெம்பி ஒரு மூடியைத் திறந்தால் உள்ளே பென்சில் பேட்டரி ஒன்று நீர் வடிந்து கிடக்குது. கடைக்கு ஓடாமல் சுவர்க் கடிகாரத்தில் இருந்த பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். முதலில் தலைகீழாகப் போட்டு, பிறகு நேராகப் போட்டேன். அப்பவும் இல்லை. மேசை விரிப்பு வழுவழு என்று இருப்பதால் மவுஸுக்குத் தடம் தெரியாது என்று சுபாஸ்ரீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். விரிப்பை எடுத்துவிட்டு வெறும் பலகையில் வைத்துத் தேய்த்தேன், காலண்டர் அட்டையில் தேய்த்தேன், திராட்சைப் பெட்டி அட்டையில் தேய்த்தேன், காய் நறுக்குகிற பலகையில்கூடத் தேய்த்துப் பார்த்தேன். நடுநடுவே நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்ப்பேன். மணி பதினொன்று நாற்பது. பரவாயில்லை, நிறைய நேரம் இருக்கு என்று மறுபடியும் தேய்ப்பேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தாலும் பதினொன்று நாற்பது. மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. முனீஸ்வரியும் அதைப் பார்த்துக்கொண்டே உலை வைக்காமல் இருந்திருக்கிறாள். மாடு கத்தவும்தான் அவளுக்குச் சந்தேகம் வந்து போனில் மணி பார்த்தாள். ஒன்று இருபது.

சோறில்லாமல் டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு, மவுஸை மஞ்சப்பையில் போட்டு, உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற விஜய்பாண்டியைத் தேடிப் போனேன். கடை பூட்டு. பூட்டில் ஒரு அட்டை தொங்குது: குச்சனூர் போயிருக்கிறோம். போன் எடுக்கலை. ஆடி சனிக்கிழமை சனி கோயிலுக்குப் போனா யாரு போன் எடுப்பா? வண்டியைத் திருப்பினேன் மச்சான், சின்னமனூர் தாண்டிக் குச்சனூருக்கே போயிட்டேன். தேரடிக் கூட்டம் மாதிரி சனம். கம்பி கட்டின வரிசைக்குள்ள விஜய்பாண்டி எள்ளு விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டுபிடித்து, கம்பிக்கு அடியில் குனிந்து அவனிடம் போய்ச் சேர்ந்தேன். பின்னால் நின்ற ஒரு அம்மா வரிசையில் புகுந்ததற்காகத் திட்ட வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொம்பக் கஷ்டத்துல இருக்காரு போல, விடு என்று மகனிடம் சொன்னது. விஜய்பாண்டி விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டு மவுஸை வாங்கிக் கவிழ்த்தான். சுண்டுவிரல் நகத்தால் ஏதோ ஒன்றைத் தள்ளினான். அடியில் சிவப்பு வெளிச்சம் வந்தது.

"அண்ணே, ஆஃப்ல இருக்கு."

"வேற என்னடா கோளாறு?"

"வேற ஒண்ணுமில்லண்ணே. ஆஃப்ல இருக்கு, அவ்வளவுதான்."

ஜாய்ஸ் டீச்சர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னது கம்ப்யூட்டரை இல்லை, மவுஸை. பேட்டரி மூடியைத் தேடி நான் நோண்டும்போது சுவிட்சை நானே ஆஃப் பண்ணியிருக்கிறேன். ஆக, பேட்டரி செத்திருந்தபோது சுவிட்ச் ஆனில் இருந்தது, பேட்டரி உயிரோடு இருந்தபோது ஆஃபில் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நல்லபடியாக இருக்க, நான் குச்சனூர் வரைக்கும் போக வேண்டியிருந்திருக்கு. உடனே திரும்பலாம் என்றால் கம்பிக்குள் போனவன் சாமியைப் பார்க்காமல் வெளியே வர வழியில்லை. ஒன்றேகால் மணி நேரம் நகர்ந்து நகர்ந்து சந்நிதிக்குப் போனேன், ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் சிவப்பு வெளிச்சம். யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டாக. நான் இருந்த நினைப்பில் கோயம்புத்தூர் என்று சொல்லிட்டேன். அவுகளும் மறுபேச்சில்லாமல் அதையே சொல்லிக் குங்குமம் கொடுத்தாக.

வீடு வந்து சேரும்போது நாலு முப்பத்தஞ்சு. உட்கார்ந்து மவுஸைத் தொட்டால் அம்புக்குறி கன்றுக்குட்டி மாதிரி ஓடுது. சுபாஸ்ரீ பின்னால் வந்து நின்றாள். மத்தியானம் அவளும் சாப்பிடவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆறாவது வரிசையில் அம்புக்குறியை வைத்துக்கொண்டு, என்ன தாயி, மாத்திடவா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டுட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாத்துங்கப்பா, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கேன். போன வருஷம் கொடியில புள்ளி விழுந்தப்ப யாருகிட்டக் கேட்டீக? மருந்துக் கடைக்காரர்கிட்ட. அவரு அவரு கடையில என்ன இருக்கோ அதைக் கொடுத்தாரு. மூணு தடவை அடிச்சும் கேக்கல. நம்ம வீட்டுல ஒரு ஆளுக்கு அது என்னன்னு தெரிஞ்சிருந்தா நல்லதுன்னுதான் போட்டேன். தோட்டத்துக்குத் தப்பி வர ஆசைப்பட்டுப் போடல, மாமா வீட்டுக்குப் போகப் பயந்தும் போடல."

சரியாகத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தவன் என்ன செய்வான், நினைத்ததைச் செய்துவிடுவான். மேலே தள்ளுகிற பொத்தானை அஞ்சு தடவை அழுத்தினேன். கோயம்புத்தூர் ஒவ்வொரு படியாக ஏறி முதலில் போய் உட்கார்ந்தது. கீழே பூட்டுகிற பொத்தானை அழுத்தினேன், போனுக்கு நம்பர் வந்தது, போட்டேன், பூட்டியாச்சு என்று வந்தது. நாலு ஐம்பத்திரண்டு. அவள் போய் எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். காலையிலிருந்து பட்டினி, ஆனால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஜெயித்தவனுக்கு இப்படி இருக்குமா மச்சான் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். காலையில் முனீஸ்வரியிடமிருந்து காப்பி மட்டும் வந்தது.

ஆகையால் தங்களிடம் வேண்டுவது. மாடி அறையைப் பிள்ளைக்கு ஒழித்து வைக்கவும். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கவும். அவளுக்குச் சாம்பாரில் முருங்கைக்காய் போட்டால் ஆகாது, அக்காவிடம் சொல்லவும். முதல் மாதம் அழுவாள், கண்டுகொள்ள வேண்டாம், ஆனால் கண்டுகொள்ளாதது மாதிரி இருந்துகொண்டே கவனித்துக்கொள்ளவும். தாங்கள் கொடுத்த மவுஸையும் இந்தப் பெட்டியிலேயே திருப்பி அனுப்புகிறேன். அதற்குப் பதிலாக, வால் உள்ளதாக, பேட்டரியும் சுவிட்சும் இல்லாததாக ஒன்று வாங்கி அனுப்பவும். அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் பேரப்பிள்ளைகள் நல்லாப் படித்து, நூறு வயசு இருந்து, கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கிற பாக்கியம் பெற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்
கர்ணன்

பி.கு.: மச்சான், மழை விடாததால் திராட்சை வெட்ட ஆள் வரவில்லை. பெட்டியும் கிளம்பவில்லை, கடிதமும் பன்னிரண்டு நாளாக அலமாரியிலேயே இருக்கிறது. இதற்குள் நேற்று முடிவு வந்துவிட்டது. பெரியகுளம், தோட்டக்கலை. நான் என்னமோ அநியாயம் நடந்துவிட்டதென்று ஜாய்ஸ் டீச்சரைக் கூட்டிவந்து காட்டினேன். அவுக பார்த்துட்டு, வரிசையை மாத்தின பிறகு 'சேவ்' என்று ஒரு பொத்தான் இருக்கு, அதை அழுத்தாமல் நேராகப் பூட்டிட்டீக, அதனால பாப்பா முதலில் போட்டதுதான் நின்னிருக்கு என்று சொன்னாக. அப்போது சுபாஸ்ரீ அங்கனதான் நின்றாள். நீ பின்னாடிதானே நின்ன தாயி, உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். "தெரியும்பா. அழுத்தச் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வரல" என்றாள். நான் கோபப்பட வேண்டும் என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்தாக. எனக்குப் பசிதான் வந்தது. மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன். ஆகையால் மாடி அறையை ஒழிக்க வேண்டாம். கொசுவலை அடித்தால் அது தங்களுக்கே ஆகட்டும். மவுஸும் இங்கேயே இருக்கட்டும், கல்லூரிக்குக் கட்ட வேண்டியது, எழுத வேண்டியது எல்லாம் இனிமேல் அதில்தானாம். இன்று காலையில் தோட்டத்துக்குப் போனவன் கொடியிலிருந்து ஒரு இலையைக் கிள்ளிக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினேன். "அப்பா, இன்னும் காலேஜே தொறக்கல" என்றாள். ஆனாலும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள்.