ஒன்பதரைக்கு முந்திய மாப்பிள்ளை

ஒன்பது முப்பத்து நாலு வண்டி ரத்து என்று ஆல்டர்டன் ரயில் நிலையத்துப் பலகையில் எழுத்துகள் ஓடியபோது, மார்ட்டிமர் ஆஸ்க்யூ கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

பதினொன்றரை மணிக்கு லண்டன் பதிவு அலுவலகத்தில் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது ஐம்பத்து நாலு. மணப்பெண் ரோஸலிண்ட் டெப்பட்டுக்கு ஐம்பத்தொன்று. இருவருக்கும் இதுதான் முதல் கல்யாணம். அவர் லண்டனுக்கு வடக்கே, அவள் தெற்கே கடலோரத்தில். இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று லண்டனையே வைத்துக்கொண்டார்கள்.

வேறு யாராவது என்றால் ஏழு மணி வண்டியிலேயே போய், லண்டனில் உட்கார்ந்து தலைவாரிக் கொண்டிருப்பார்கள். மார்ட்டிமர் அந்த ரகம் இல்லை. காலை ஒன்பதரைக்கு முன்னால் கிளம்புவது நெரிசல் நேர வண்டி. அதற்கு முழு டிக்கெட் வேண்டும். ஒன்பதரைக்கு மேல் கிளம்பினால் ஆஃப்-பீக், பாதி விலை. பத்தொன்பது வருடமாக லண்டனுக்கு வேலைக்குப் போய்வந்த மனிதர், ஒருநாள்கூட ஒன்பதரைக்கு முந்திய வண்டியில் கால் வைத்ததில்லை. மேலதிகாரியைக் கெஞ்சிக் கூத்தாடி, தன் அலுவலக நேரத்தையே பதினொரு மணிக்குத் தள்ளிவைத்துக் கொண்டவர். கேட்டால் கொள்கை என்பார். ரோஸலிண்ட் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள்.

போன வருடம் அவள் அம்மாவின் பிறந்தநாள் விருந்துக்கு, மாலை நெரிசல் நேரம் முடியட்டும் என்று லண்டன் நிலையத்தில் காத்திருந்து, தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"பதினொன்றரை, மார்ட்டி. பதினொன்னு முப்பத்தொண்ணு ஆச்சுன்னா நான் அங்க நிக்கமாட்டேன். நேரா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் போன் பண்ணாதே."

"சும்மா மிரட்டுறே."

"லேட்டா வந்துதான் பாரேன்."

அடுத்த ஆஃப்-பீக் வண்டி பத்து நாலுக்கு. அது லண்டன் போக பதினொன்று இருபது. அங்கிருந்து டாக்ஸியில் இருபது நிமிடம். மார்ட்டிமர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எப்படி எண்ணினாலும் பத்து நிமிடம் இடித்தது.

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. முப்பது நிமிடத்துக்கு மேல் தாமதமாகிவிட்ட ஒன்பது நாலு வண்டி இதோ வந்துகொண்டிருக்கிறதாம். மார்ட்டிமருக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணக் கோட்டும், கோட்டுப் பையில் மோதிரங்களுமாக இருந்த நீளப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தார்.

வண்டி வந்து நின்றது. உள்ளே இருக்கைகள் காலியாகக் கிடந்தன. பிளாட்பாரத்தில் இருபது பேர் கையில் ஆஃப்-பீக் டிக்கெட்டோடு அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. அத்தனை பேரும் மார்ட்டிமர் தயார் செய்த ஆட்கள்.

"மிஸ்டர் ஆஸ்க்யூ! எங்க ஏறுறீங்க?" என்று குரல் கொடுத்தாள் மிஸஸ் ஹிபர்ட். வாரம் மூன்று நாள் அவரோடு அதே பிளாட்பாரத்தில் நிற்பவள்.

"மணி ஒன்பது முப்பத்தேழு ஆச்சுல்ல?"

"ஆனா இது ஒன்பது நாலு வண்டியாச்சே! எப்ப வந்துச்சுங்கறது முக்கியமில்லை, எப்ப வந்திருக்கணுங்கறதுதான் முக்கியம். போன டிசம்பர்ல நீங்கதானே பாடம் எடுத்தீங்க? உங்க பேச்சைக் கேட்டு, வந்து நின்ன வண்டியை விட்டுட்டுப் பனியில நின்னேன். ஒரு வாரம் காய்ச்சல்!"

"இன்னைக்கு எனக்குக் கல்யாணம், மிஸஸ் ஹிபர்ட்!"

"ரொம்ப சந்தோஷம். அதுக்காக ரூல் மாறிடுமா?"

மார்ட்டிமர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிவிட்டார். பின்னால் இருபது பேரும் 'உச்' கொட்டியது கதவு மூடும்வரை கேட்டது.

பையை மேலே தட்டில் கிடத்திவிட்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கார்டு பிளைத் வந்து நின்றார். நல்ல ஆகிருதி, அதைவிட நல்ல மரியாதை.

"சார், இது ஆஃப்-பீக் டிக்கெட்."

"மணியைப் பாருங்க. ஒன்பது நாற்பது."

"வண்டி கடிகாரம் பார்க்காது சார், கால அட்டவணைதான் பார்க்கும். இது ஒன்பது நாலு."

இதே வாக்கியத்தை மார்ட்டிமர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். தனக்கே யாராவது சொல்லும்போது எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சரி, மீதியைக் கட்டிடறேன்."

"என் மெஷின் காலையிலேருந்து செத்துக் கிடக்கு. வேணும்னா அபராதச் சீட்டு எழுதித் தரேன்."

"அபராதமா? எனக்கா? அதுவும் என் கல்யாணத்தன்னைக்கா? பத்தொன்பது வருஷமா ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது!"

பிளைத்துக்கு மனம் இளகியது. "கல்யாணங்கறீங்க. ஒண்ணு பண்ணுங்க. அடுத்த ஸ்டேஷன் க்ரெஸ்ஸிங். நாலு நிமிஷம் நிக்கும். இறங்கி மெஷின்ல முழு டிக்கெட் எடுத்துட்டு ஓடி வந்துடுங்க. நான் எதையும் பார்க்கலை."

க்ரெஸ்ஸிங்கில் மார்ட்டிமர் குதித்து ஓடினார். மெஷின் முன்னால் ஆள் இல்லை. நாலு நிமிடம் தாராளம். முழு டிக்கெட்டுக்கான பொத்தான் கண்ணுக்கு நேரே இருந்தது. ஆனால் பாழாய்ப்போன விரல் அதில் போய் நிற்கவேண்டுமே! இரண்டு துண்டாக வாங்கினால் மலிவாக இருக்குமோ என்று ஒரு சபலம். லண்டன் வரை ஒன்றாக வாங்காமல், நடுவில் ஒரு ஊர் வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. அந்த ஊரில் இந்த வண்டி நிற்குமா? அவர் பார்த்தார். நிற்கும்! மலிவுதான்! மார்ட்டிமர் வெற்றியோடு நிமிர்ந்தார்.

நிமிர்ந்தபோது வண்டியின் வால் தெரிந்தது.

கல்யாணக் கோட்டும் மோதிரங்களும் லண்டனுக்குப் போய்விட்டன. மாப்பிள்ளை மட்டும் சட்டையோடு க்ரெஸ்ஸிங்கில் நின்றார்.

ரோஸலிண்டைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அணைத்து வைத்திருந்தாள். மறுபடி கூப்பிட்டார். பலனில்லை. பிளாட்பாரத்தில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நிலையப் பெண் ஊழியரிடம் ஓடினார்.

"லண்டனுக்கு அடுத்த வண்டி?"

"பத்து ஒண்ணுக்கு வேக வண்டி வருது. ஆனா அது வேற கம்பெனி. உங்க கையில இருக்கறது எதுவும் அதுல செல்லாது."

"எது செல்லும்?"

"எந்த நேரமும், எந்தக் கம்பெனியும்னு போட்ட டிக்கெட்."

"அது இருக்கறதுலயே..."

"ஆமா சார். இருக்கறதுலயே அதுதான் ஒசத்தி."

மார்ட்டிமர் மெஷின் முன்னால் போய் நின்றார். பத்தொன்பது வருடக் கொள்கை அவரைப் பார்த்தது. அவருக்கு ரோஸலிண்டின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அவள் பக்கத்தில் இல்லாமல் இனி ஒருநாள்கூட இருக்க முடியாது என்று நெஞ்சு சொன்னது. கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

டிக்கெட் வந்து விழுந்தது. வானம் இடிந்து விழவில்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியம்! உடம்பெல்லாம் ஒரு குறுகுறுப்பு, பள்ளிக்கூடத்தைக் கட் அடித்த பையனுக்கு வருமே, அந்த மாதிரி. வேக வண்டியில் ஏறி, கேட்காதவர்களிடமும் டிக்கெட்டை நீட்டிக் காட்டினார்.

"இதைப் பார்த்தீங்களா? எந்த நேரமும் செல்லும்!"

"எல்லாரும் அதைத்தான் சார் வச்சிருக்கோம்" என்றார் எதிரே இருந்தவர், செய்தித்தாளைத் தாழ்த்தாமல்.

பாதி வழியில் வேக வண்டி தடதடவென்று பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு வண்டியை முந்தியது. ஒன்பது நாலு! ஜன்னல் வழியே பிளைத்தின் தலைகூடத் தெரிந்தது. மார்ட்டிமர் எழுந்து நின்று கையாட்டினார். தன்னுடைய கோட்டையே முந்திக்கொண்டு போகும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்குமா?

லண்டனில் இறங்கி, பக்கத்துப் பிளாட்பாரத்துக்கு ஓடி, தன் கோட்டை வரவேற்கக் காத்து நின்றார். பதினொன்று ஐந்துக்கு அது வந்து சேர்ந்தது. பிளைத் பையை நீட்டினார்.

"மோதிரம் பத்திரம் சார். நீங்க எப்படி எனக்கு முன்னாடி...?"

மார்ட்டிமர் டிக்கெட்டைக் காட்டினார். பிளைத் தொப்பியைக் கழற்றினார்.

டாக்ஸிக்காரரிடம் மார்ட்டிமர் ஆயுளில் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்: "எவ்வளவு ஆனாலும் சரி, பறங்க!" டாக்ஸியிலேயே கோட்டை மாட்டினார், தலையைக் கோதினார், மோதிரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இனிமேல் எந்த நேரத்திலும், எந்த வண்டியிலும் போவேன் என்று ரோஸலிண்டிடம் சொல்லவேண்டும். அம்மாவின் அடுத்த பிறந்தநாளுக்கு மத்தியானமே போய் நிற்கவேண்டும். நினைக்க நினைக்கச் சந்தோஷம் பொங்கியது.

பதிவு அலுவலகப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தேழு. மூன்று நிமிடம் முன்னதாக!

கூடத்தில் ஈ, காக்கை இல்லை. ரோஸலிண்ட் இல்லை, அவள் அம்மா இல்லை, ஒரு பூங்கொத்துகூட இல்லை. மார்ட்டிமர் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா அம்மாள் தலை நிமிர்ந்தாள்.

"நான் ஆஸ்க்யூ. மாப்பிள்ளை. அவ... அவ போயிட்டாளா?"

அந்த அம்மாள் கோப்பையை வைத்துவிட்டு, அவரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயையோ, நேரத்துக்கு வந்துட்டீங்களா சார்? அந்தம்மா நேத்தே போன் பண்ணி ஒன்றரை மணிக்கு மாத்திட்டாங்களே! 'அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, சொன்னா மூணு மணிக்குத்தான் வருவார். எப்படியும் ஆஃப்-பீக்ல லேட்டா வரப்போறவருக்காக நான் எதுக்கு முழு டிக்கெட் வாங்கணும், நானும் ஆஃப்-பீக்லயே வந்துடறேன்'னு சொன்னாங்க."