சத்தம் வருதில்ல

தண்ணீர்ப் பீப்பாயில் கால் நனைத்து ஓடிக்கொண்டிருந்த படகு எஞ்சினுக்குள்ளிருந்து 'டிக் டிக்' என்று கேட்டது.

"புடிச்சிட்டேன்," என்றான் முத்துவீரன்.

பலாபத்வலையில் அவன் த்ரீவீல் ஆட்டோ திருத்தும் பாஸ், அதாவது மெக்கானிக். படகு எஞ்சினைத் தொடுவது இதுதான் முதல் தடவை. இது சரிவந்தால் கண்டலம குளத்தில் ஸெய்னுலாப்தீன் முதலாளி விடும் படகுகள் எல்லாம் இனி அவன் கைக்குத்தான். பெயர்ப்பலகையில் 'படகு எஞ்சினும்' என்று நேற்றே எழுதிவிட்டான்.

"என்ன கம்ப்ளைண்டாம்?" மனைவி டிலானி கேட்டாள்.

"ஏர் இன்ஜெக்டராம். 'டிக் டிக் எண்டு சத்தம் வருதில்ல'ன்னு மொதலாளி போன்ல சொன்னாரு. காலையில இத எறக்கி வச்சிட்டு, வேன்ல டவுனுக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள சத்தத்த நிப்பாட்டணும்."

"ஏர் இன்ஜெக்டர்னா?"

நேற்று முழுக்க வீடியோ பார்த்த பெருமை அவனுக்கு. "எஞ்சின்லயே குட்டி கம்பிரஸர் ஒன்னு காத்த அமுக்கிக் குடுக்கும். இன்ஜெக்டர் தொறந்து, அந்தக் காத்தோட பெட்ரோல பனி மாதிரி சிலிண்டருக்குள்ள ஊதும்."

"அப்ப தொறந்து மூடுற சத்தமா இருக்கும்."

"கதவா அது? பேசாம இரு."

திருகாணிகளை இறுக்கினான். டிக் டிக், டொக் டொக் ஆனது. இன்ஜெக்டரைக் கழற்றி, த்ரீவீல் டியூபில் வெட்டிய ரப்பரை வாஷராக வைத்துப் பூட்டினான். சத்தம் பாதி அடங்கியது. கூடவே கிளம்பிய கரும்புகை, கொடியில் காய்ந்த டிலானியின் கோயில் சேலையில் போய் உட்கார்ந்தது.

"பொக வருதில்ல? கண்ணு தெரியலயா?"

"சத்தம் கொறஞ்சிருச்சில்ல? அதப் பாரு."

கடைசியில் இன்ஜெக்டருக்குப் போகும் வயரையே பிடுங்கினான். எஞ்சின் இரண்டு தரம் இருமி, அடங்கியது. அதன்பின் ஸ்டார்ட் கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் உயிர் வரவில்லை. ஆனால் டிக் டிக் மட்டும் அறவே இல்லை.

வேன் வந்து நின்றது. முதலாளி இறங்கி எஞ்சினில் காதை வைத்தார்.

"என்ன பாஸ், ஒரு சத்தமும் இல்லயே."

"பொட்டுச் சத்தம் வராது மொதலாளி. சுத்தமா நிப்பாட்டிட்டேன்."

முதலாளி வேனைத் திரும்பிப் பார்த்தார். வேனுக்குள் இருந்த அவர் மனைவி ஹமீமாதான் மெதுவாகத் தலையை நீட்டினாள்.

"தம்பி, எங்கட பேச்சில 'வருதில்ல' எண்டா 'வரல்ல' எண்டு. அது சத்தம் வாற நல்ல எஞ்சின், சத்தத்தக் கேட்டுப் படிக்கத் தந்தது. சத்தம் வராத எஞ்சின இப்பதான் கொண்டு வாறம், இந்தா, என்ட காலடியில கெடக்கு."