தாய்ப்பலகை பார்த்த தரகர்

அன்று கடையில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் மகள். கடை முதலாளி. தரகர். ஐந்தாவதாக ஒரு லப்டொப். அதையும் ஓர் ஆளாகக் கணக்கெடுத்தவர் தரகர்தான்.

பொருத்தம் பார்க்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் அவர் ஒருவர்தான். கலியாணத் தரகர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் தான் பொருத்தி வைத்தவை நூற்றி அறுபத்து மூன்று என்பார். எண்ணிப் பார்த்தவர்கள் நூற்றி அறுபத்திரண்டு கலியாணம் என்பார்கள். ஒன்று புளுகு என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

ஒருமுறை மழைக்குள் குடை வாங்கப் போனார். இரண்டு குடைகளை விரித்தார். கம்பிகளை எண்ணினார். பிடியை மணந்து பார்த்தார். கடை பூட்டும் நேரம் வந்துவிட்டது. நனைந்துகொண்டே வீடு வந்தார். "ரெண்டும் சரிவரல்ல" என்றார். தனக்குப் பெண் பார்த்ததும் அப்படித்தான். இன்னும் தனியாள்.

மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. கணினிப் படிப்பு. லப்டொப் இல்லாமல் ஏலாது என்றாள். தோணி எஞ்சினை விற்றேன். விற்பதற்கு இன்னொரு எஞ்சின் இல்லை. வாங்குவது பழுதாய்ப் போனால் அவள் படிப்பும் போச்சு. எனக்கு லப்டொப் தெரியாது. தரகருக்கும் தெரியாது. ஆனால் அவருக்கு ஒப்பிடத் தெரியும். கூட்டிப் போனேன்.

மட்டக்களப்பு டவுனில் கடை. மேசையில் இரண்டு லப்டொப். ஒன்று வெள்ளி நிறம், மற்றது கறுப்பு. இரண்டும் பாவித்தவை. விலை ஒன்று. வெள்ளிக்கு ரெம் என்கிற நினைவகம் பதினாறு ஜீபி, கறுப்புக்கு எட்டு. மகளின் கண் வெள்ளியில்.

தரகர் பொருத்தம் எழுதும் கொப்பியைத் திறந்தார். வெள்ளியைக் காட்டி, "வயசென்ன?" என்றார்.

"பத்தாம் ஜெனரேசன்" என்றார் முதலாளி.

"அது என்ன?"

"தலைமுறை, மாமா" என்றாள் மகள்.

"பத்துத் தலைமுறை தெரியுதா? நல்ல குடும்பம். சார்ச் எத்தினை மணித்தியாலம் நிக்கும்?"

"நாலு."

"ஆயுள் கட்டை" என்று எழுதினார். "சரி, எந்தக் குடி?"

முதலாளி என்னைப் பார்த்தார். எங்கள் பக்கம் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியில் வரும். தாயின் குடிதான் பிள்ளைக்கும். அதைக் கேட்காமல் தரகர் எந்தப் பேச்சையும் முற்றாக்கியதில்லை.

மகளுக்குச் சிரிப்பு. "இதுக்கும் தாய் இரிக்கு மாமா. மதர்போர்ட். தாய்ப்பலகை. எல்லாம் அதிலதான் பூட்டியிரிக்கும்."

அவள் பகிடிக்குச் சொன்னாள். தரகர் பேனையை மூடினார்.

"தாயைக் காட்டு."

"அது உள்ளுக்கு இரிக்கு ஐயா. கழட்டோணும்."

"கழட்டு மனே. தாயைப் பார்க்காம நான் சம்பந்தம் பேசுறல்ல."

"இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்ல."

"அதாலதான் கோட்டில இவ்வளவு விவாகரத்து."

முதலாளி ஆணிகளைக் கழற்றினார். அடிமூடி வந்தது. தரகர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பலகையின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. என் எஞ்சின் வயரில் வாவித் தண்ணீர் பட்டால் பூக்கும் அதே பச்சை.

"உப்பு" என்றேன். அன்று கடையில் நான் பேசியது அவ்வளவுதான்.

முதலாளியின் முகம் மாறிவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியா. மொத்தமா வந்த சாமான். நானும் திறந்து பார்க்கல்ல."

தரகர் நிமிர்ந்தார். "தாய் முழுகாம இரிக்கெண்டா சந்தோசம். இது முழுகியெல்லோ இரிக்கு."

முதலாளி நல்ல மனிதர். சிரித்துக்கொண்டு கறுப்பைத் தானாகவே திறந்தார். சுத்தம். இன்னொரு ரெம் போட இடமும் காலியாக இருந்தது.

"வளவு சின்னன்தான் புள்ள. மறுகா ஒரு அறை இறக்கலாம்" என்றார் தரகர். பிறகு முதலாளியிடம், "உன்ர புள்ளையை வெறுங்கையோடயா அனுப்பப் போறாய்?" என்றார். பையும் மவுசும் சீதனமாக வந்தன.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருதரம் வீட்டுக்கு வருவார். தான் சேர்த்து வைத்த வீடுகளுக்கெல்லாம் அப்படிப் போகிறவர்.

"ரெண்டு பேரும் ஒத்துமையா?"

"கொஞ்சம் சூடாகுது மாமா."

"மெத்தையில வெச்சுச் செல்லம் குடுக்காத கா. மேசையில வை."

மேசையில் வைத்தாள். சூடு குறைந்தது.

மகளுக்கு இது கடைசி வருடம். நான் தண்டு வலித்துத்தான் மீனுக்குப் போகிறேன். கை பழகிவிட்டது. தரகர் கலியாணம் பேசுவதை விட்டுவிட்டார். எல்லாரும் போனிலேயே மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவருக்குக் கண்ணும் மங்கிவிட்டது.

போன மாதம் கொப்பியைக் கொண்டு வந்து மகளிடம் கொடுத்தார். "எழுத்துத் தெரியுதில்ல புள்ள. இதை அதுக்குள்ள ஏத்தி வை."

மகள் இரண்டு நாள் இருந்து ஏற்றினாள். இடப்பக்கம் பெண், வலப்பக்கம் மாப்பிள்ளை, முன்னால் வரிசை எண். கடைசி வரிக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

இடப்பக்கம் அவள் பெயர். வலப்பக்கம், "கறுப்பு லப்டொப். தாய் சுத்தம்."

வரிசை எண் நூற்றி அறுபத்து மூன்று.