ங் தவுக்கேயும் வடிவம்மாளின் மலாய்ப் பாடமும்

ரிங்லெட்,
18-2-1975

மதிப்பிற்குரிய மைத்துனர் சாம்பசிவம் அவர்களுக்கு,

குளிரைத் தவிர இங்கு வேறு குறையில்லை. ஈப்போவில் எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன்.

உங்கள் தங்கை வடிவம்மாளின் குடியுரிமை நேர்காணல் நேற்றுக் காலை தானா ராத்தாவில் நடந்து முடிந்தது. ஆதாரம்: வடிவம்மாளே. என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

குடியுரிமை இல்லாத சிவப்புக் கார்டுக்காரர்களின் வேலை பெர்மிட்டை இனிப் புதுப்பிப்பது கடினம் என்று தேயிலை எஸ்டேட் குமாஸ்தா, கிராணி ஹரோல்ட் சொன்ன நாளிலிருந்து எங்களுக்கு நிம்மதியில்லை. மலாய் பேசிக் காட்டினால்தான் குடிமக்களுக்கான நீலக் கார்டு. அது கிடைத்தால்தான் அவள் தொடர்ந்து கொழுந்தெடுக்க முடியும். ஓய்வு பெற்ற செய்தியாளன் சும்மா இருப்பானா? நானே பாடம் நடத்தினேன். தேசிய மலரான செம்பருத்தியைக் கட்டாயம் கேட்பார்கள் என்று கணித்து, 'புஙா ராயா' என்று சொல்லச் சொன்னேன். "புங்கா ராயா" என்றாள். அவள் குற்றமில்லை. மலாய்க்காரர்கள் என், ஜி இரண்டையும் சேர்த்து எழுதி ஒரே ஒலியாகச் சொல்கிறார்கள். பின்னால் க ஒலியும் வேண்டுமென்றால் இன்னொரு ஜி போடுகிறார்கள். ஆங்கிலத்தில் சிங்கருக்கும் ஃபிங்கருக்கும் நடுவில் அதே இரண்டு எழுத்துகள், ஆனால் வேறு வேறு ஒலி. நம்மிடம் ங என்று தனி எழுத்தே இருக்கிறது. இருந்தும், அங்ஙனம் போன்ற ஒன்றிரண்டு சொற்களை விட்டால், அது க-வின் கையை விடுவதில்லை. தனி எழுத்து இல்லாதவர்கள் இரண்டைச் சேர்த்துச் சமாளிக்கிறார்கள். எழுத்தை வைத்திருக்கும் நமக்கு அது தனியாக நாக்கில் ஏறவில்லை. இதை யோசித்துக்கொண்டே நான் பல முறை ஆறிய தேநீர் குடித்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு வழி கண்டேன். எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டுப் பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கும் சீனர், எல்லாரும் தவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிடுபவர், பெயர் ங். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து, ஒரே ஒலி, முழுப் பரம்பரைப் பெயர். தினம் காலையில் அதையே சொல்லிப் பழகு என்றேன். அவள் "ங்... ங்..." என்றதும் அவர் தம் வீட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"என்னா தங்கச்சி? பைப்பு ஒழுகுதா?"

"ஒங்கள கூப்புடல தவுக்கே, பாடம் படிக்கிறேன் லா!"

மறுநாளும் வந்தார். "கூரை ஒழுகுதா?" அதற்கடுத்த நாள் கையில் ஸ்பேனரோடு வந்து, ஒழுகாத குழாயை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "அந்த மனுசன் நம்மள வேவு பாக்குறாருங்க, வேற வீடு பாருங்க" என்றாள் உங்கள் தங்கை. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. நீலக் கார்டு வந்துவிட்டால் வேலையை அங்கேயும் தேடிக்கொள்ளலாம். எனவே ஈப்போவில் ஒரு சிறிய வீடு பார்த்து வைக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நேர்காணலில் மலரைப் பற்றிய கேள்வியே வரவில்லை. பக்கத்து வீட்டில் யார் என்று அதிகாரி மலாயில் கேட்டாராம். "ங்" என்றாளாம், கை கட்டி, தெளிவாக. அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாராம். முடிவு சித்திரை பிறப்பதற்குள் தபாலில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி வளரட்டும்.

அன்புள்ள,
ராதாகிருஷ்ணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது ங் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அவரிடமும் சிவப்புக் கார்டுதான் என்பது இன்றுதான் எங்களுக்குத் தெரியும். "பைப்பெல்லாம் நல்லாதான் இருக்கு தங்கச்சி. பாடம் கேக்கத்தான் வந்தேன். கேக்க வெக்கமா இருந்துச்சு லா" என்றார். அவருக்கு நேர்காணல் வரும் வியாழக்கிழமை. வீடு பார்க்க வேண்டாம். நாளைக் காலையிலிருந்து பாடம் மறுபடியும் நடக்கும். வடிவம்மாளே நடத்துவதாகச் சொல்லிவிட்டாள். எனக்குத் தேநீர் போடும் வேலை.